வெட்டு நோட்டின் பின்பக்கம்

மழை பிடித்துக்கொண்டால் என் வேலை இரட்டிப்பாகும். காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் துணி குடித்துவிடும். நேற்று தேய்த்து அடுக்கின கவுனை இன்று பிரித்தால் காலர் சுருண்டு கிடக்கும். மறுபடி இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, மறுபடி ஆவி விட்டு, மறுபடி மடிப்பு. அந்த வருஷம் மூன்று வாரம் விடாமல் பெய்தது. மாஸ்டர் வீட்டில் நடந்ததை நினைத்தால் ஈரத்துணி வேகும் அந்த வாடைதான் எனக்கு முதலில் மூக்கில் ஏறுகிறது.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். வேறு பேர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீழே வீடு, மேலே யூனிட். ஏழு தையல் மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட வெட்டு மேஜை, ஜன்னலோரம் என் தேய்ப்பு மேஜை. பெண்களுக்கான கவுனும் பாவாடையும் தைத்து அனுப்புவார்கள். பன்னிரண்டு வருஷமாக நான் அங்கே தேய்க்கிறேன். மாஸ்டரின் வீட்டுக்காரி ஓவர்லாக்கில் உட்காருவாள். அவளை நான் அக்கா என்பேன்.

அவர்களுக்கு ஒரே பெண். சின்ன வயதில் ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்று வாலு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பத்தொன்பது வயதாகியும் அந்தப் பேர் போகவில்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒழிந்த நேரத்தில் மேலே வந்து பிசிறு வெட்டுவாள், ஆர்டர் எழுதுவாள். வீட்டில் அவள் கையெழுத்துதான் திருத்தம். என்னைச் சித்தி என்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் கண்ணோரம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. பிறகு வாயோரம், பிறகு கை விரல்களில். இரண்டு வருஷம் களிம்பும் மாத்திரையுமாக அலைந்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர், "நிறம் போயிருக்கு, அவ்வளவுதான். புள்ளைய நிம்மதியா விடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. எப்போதாவது வாலு கண்ணாடி முன்னால் நின்று, "அப்பா, பெருசாயிருக்கா?" என்று கேட்டால், மாஸ்டர் கத்தரியிலிருந்து தலையைத் தூக்குவார். "எங்க? என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலயே." அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். அவள் எதையும் பூசி மறைத்ததில்லை. அரைக்கை சட்டைதான் போடுவாள். வெயிலுக்கு மட்டும் ஒரு தொப்பி.

இணையத்தில் துணி விற்கப் படம் வேண்டும். எங்கள் படமெல்லாம் பொம்மைக்கு மாட்டி எடுத்தவை. தலையில்லாத பொம்மை. பக்கத்துத் தெரு யூனிட்காரன் மாடல் பெண்ணை வைத்துப் படம் போட ஆரம்பித்ததும் எங்கள் கவுன்கள் அப்படியே தேங்கின. அப்போதுதான் அக்காவின் தம்பி வந்தார். அச்சகத்தில் படம் வடிவமைக்கிற வேலை. மாஸ்டரின் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிவிட்டு, தேநீரை உறிஞ்சிக்கொண்டே விளக்கினார்.

"படம் வரையற கம்ப்யூட்டர் மாடல் ஒண்ணு இருக்கு மாமா. உலகத்துல எல்லாத்தையும் பாத்திருக்கு. நம்ம ஆளத்தான் பாத்ததில்ல. ஒரே ஆளோட அம்பது அறுபது போட்டோ குடுத்து, இதான் அந்த ஆளுன்னு சொல்லிக் குடுக்கணும். பழகிடுச்சுன்னா அப்புறம் எந்தத் துணிய வேணா அந்த ஆளு மேல போட்டுக் காட்டும். கடக்கரையில நிக்க வைக்கும், மலையில நிக்க வைக்கும்."

"யாரோட போட்டோவ குடுக்கறது?" என்றார் மாஸ்டர்.

பிசிறு வெட்டிக்கொண்டிருந்த வாலு தலையைத் தூக்காமல், "ஏன், நான் இல்லயா?" என்றாள்.

அக்கா ஊசிக்கு நூல் கோக்கிறமாதிரி குனிந்துகொண்டாள். அந்த ஒரு கணம் வாலுவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் விடவில்லை. "காசா பணமா? நானே நிக்கறேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்றாள். ஜன்னலுக்கு எதிரே சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, மாஸ்டர் கைப்பேசியில் எடுத்தார். நேராக, பக்கவாட்டில், கீழே பார்த்து, திரும்பிப் பார்த்து. ஒவ்வொரு படத்துக்கும் வேறு கவுன். நான் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மதியம் எல்லாருமாகத் தரையில் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் தின்றோம். "சித்தி, என் மூஞ்சி இனிமே மெஷினுக்கே மனப்பாடம்" என்று வாயில் ரொட்டியோடு சொல்லிச் சிரித்தாள். அந்த மூன்று ஞாயிறும் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

படம் மட்டும் போதாதாம். ஒவ்வொன்றுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று எழுதித் தர வேண்டுமாம். தம்பி சொன்னதை மாஸ்டர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

"எத எழுதறீங்களோ, அது வேற, ஆளு வேறன்னு மெஷின் தனியா வெச்சுக்கும். செவப்பு கவுன்னு எழுதினா, கவுன கழட்டி வேற மாட்டலாம்னு அதுக்குத் தெரியும். எழுதாம விட்டீங்கன்னா அதுவும் அந்தப் பொண்ணோட சேந்ததுன்னு நெனச்சுக்கும்."

முதல் தடவை மாஸ்டர் கவுனை மட்டும் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் ஒரு பகல் முழுக்க உறுமியது. வந்த படங்களைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். வாலு கடற்கரையில் நிற்கிறாள், பின்னால் எங்கள் ஜன்னல் கம்பி. மலை உச்சியில் நிற்கிறாள், அங்கேயும் ஜன்னல் கம்பி. "ஜன்னலும் என் உடம்புல ஒரு பாகம்னு நெனச்சிடுச்சுப்பா" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தப் படங்களில் அவள் முகத்தில் திட்டு இருந்தது.

வாலு கீழே போன பிறகும் மாஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல எழுதிட்டா ஜன்னல் போயிடும்" என்றார்.

"ம்" என்றாள் அக்கா.

"வேற ஏதாச்சும் எழுதணுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன். "எதுக்கும் எழுதிடுங்களேன்" என்றாள் அக்கா, எதை என்று சொல்லாமல். "நாலு பேரு பாக்கற எடம்." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?" நான், "அக்கா சொல்றது சரிதான் மாஸ்டர்" என்றேன். பெட்டி சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் சூடு பார்ப்பதுபோல விரலை நனைத்துத் தொட்டேன்.

அடுத்த வாரம் வந்த படங்களில் ஜன்னல் இல்லை. திட்டும் இல்லை. வழவழவென்று ஒரே நிறத்தில் ஒரு பெண். மூக்கு வாலுவின் மூக்கு, சிரிப்பு வாலுவின் சிரிப்பு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கா" என்றாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. பிறகு கேட்டாள், "என்னோடதெல்லாம் எங்கப்பா?"

"கம்ப்யூட்டரு அதுவா பண்ணுதும்மா. நம்ம கையில என்ன இருக்கு" என்றார் மாஸ்டர்.

"ஓ" என்று சொல்லிவிட்டுப் பிசிறு வெட்டப் போய்விட்டாள்.

துணி விற்க ஆரம்பித்தது. ஏழு மெஷினும் ஓடியது. நான் மதியச் சோற்றுக்குக்கூட உட்காராமல் தேய்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் போட்ட அட்டையைக் கவுனோடு மடித்துப் பையில் போடுவோம். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த முகத்தைத் தொட்டேன். வாலுவின் தோழி ஒருத்தி, "உங்கக்காவாடி அது?" என்று கேட்டாளாம். வாலு அதை வந்து சிரிப்புக்குச் சொன்னாள். நாங்களும் சிரித்தோம்.

மழை தொடங்கின வாரம் ஒரு கடைக்காரர் வந்தார். பெரிய டவுனில் மூன்று கடை வைத்திருப்பவர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு மேலே ஏறி வந்து, கவுனை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். காலரை இழுத்துப் பார்த்தார். சரக்கு தெரிந்த மனுஷர். மாஸ்டருக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"புதுசா நாலாவது கடை தொறக்கறேன் மாஸ்டர். மொத்தமா எடுத்துக்கறேன்" என்றார். "இன்னொண்ணு. உங்க படத்துல இருக்கற பொண்ணு, வெளியூரா?"

"ஆமாங்க. வெளியாளுதான்."

"தொறக்கற அன்னிக்கு அது உங்க கவுன் ஒண்ண மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாப் போதும். படத்துல பாத்த மூஞ்சிய நேர்ல பாத்தா சனங்க நிப்பாங்க. கூட்டிட்டு வர முடியுமா?"

"அது... இப்ப இங்க இல்லீங்க."

அப்போதுதான் வாலு தேநீர்த் தட்டோடு படியேறி வந்தாள். அன்று கல்லூரிக்கு மழை விடுமுறை. கடைக்காரர் அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு?"

அக்காவின் கால் மிதியிலிருந்து எடுபட்டது. ஓவர்லாக் நின்றதும் மற்ற மெஷின்களும் நின்றன, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"நம்ம யூனிட்ல வேலை பாக்கற பொண்ணுங்க" என்றார் மாஸ்டர்.

பொய் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. பிசிறு வெட்டுகிறாள், ஆர்டர் எழுதுகிறாள். அந்த அரைகுறை உண்மையைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் நின்றார்.

"கொஞ்சம் சாயல் இருந்த மாதிரி இருந்துச்சு. அதான் கேட்டேன்" என்று கடைக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வாலு தட்டை மேஜையில் வைத்து அவருக்கு ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். "சர்க்கரை போதுமா சார்?"

"போதும்மா."

பிறகு தன் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர், உங்களுக்கு?"

குரலில் கோபம் இல்லை. யூனிட்டில் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணும் அப்படித்தான் கேட்பாள். மாஸ்டர் கோப்பையை வாங்கினார். நான் ஒரே கவுனின் கையை நாலு தடவை தேய்த்துக்கொண்டிருந்தேன். 'அது உங்க பொண்ணு மாஸ்டர்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது.

கடைக்காரர் குடையை விரித்துக்கொண்டு போனார். வாலு காலிக் கோப்பைகளை அடுக்கினாள். அக்கா எப்போதும் சொல்வதையே சொன்னாள். "வாலு, அவர் சொன்ன சைஸெல்லாம் மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சுடு."

வெட்டு நோட்டு மேஜை மேல் கிடந்தது. அளவெல்லாம் எழுதுகிற நீளமான நோட்டு. முன்பக்கம் நிரம்பியிருக்குமோ என்று அவள் பின்பக்கமாகத் திறந்தாள். மாஸ்டர் ஓரடி எடுத்து வைத்து, நின்றுவிட்டார். நோட்டைப் பிடுங்குகிற தைரியம் அவருக்கு இல்லை.

அக்காவின் தம்பிக்கு அனுப்புவதற்காக மாஸ்டர் படக் குறிப்புகளையெல்லாம் முதலில் அதில்தான் எழுதியிருந்தார், கவுன் அளவு எழுதுகிற அதே எழுத்தில். வாலு சத்தமாகவே வாசித்தாள், கடைக்காரரின் ஆர்டரை வாசிக்கிறமாதிரி.

"ஒன்று. நேராகப் பார்க்கிறாள். நீலக் கவுன். பின்னால் விரிப்பு, ஜன்னல் கம்பி. வெள்ளைத் திட்டு, இடது கண் ஓரம் முக்கால் இஞ்ச். வாய் ஓரம் கால் இஞ்ச். வலது கை மூன்று விரல்."

பக்கத்தைத் திருப்பினாள்.

"பன்னிரண்டு. பக்கவாட்டில். மஞ்சள் கவுன். வெள்ளைத் திட்டு, வாய் ஓரம் கால் இஞ்ச், தாடைக்குக் கீழ் மிளகு அளவு."

அப்படி ஐம்பத்தெட்டு இருந்தது. எல்லாவற்றையும் அவள் வாசிக்கவில்லை. முப்பத்தொன்றில் கொஞ்சம் நின்றாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. 'நல்ல சிரிப்பு' என்று எழுதி, 'நல்ல' என்பதை அடித்திருந்தார். மெஷினுக்கு அது தேவையில்லை போலிருக்கிறது.

"கம்ப்யூட்டர் அதுவா பண்ணுதுன்னு சொன்னீங்க" என்றாள்.

மாஸ்டர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உன்ன யாரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான்மா."

"யாரும் சொல்லல. காலேஜ்ல சொல்லல, பஸ்ல சொல்லல. நீங்கதான் அம்பத்தெட்டு தடவ எழுதியிருக்கீங்க."

"வாலு" என்றாள் அக்கா. "நான்தான்டி எழுதச் சொன்னேன்."

"உனக்கும் தெரியுமா?" என்று அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டாள். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"கண்ணுக்கே தெரியலன்னு சொல்வீங்கல்ல" என்று மறுபடி அவரிடமே பேசினாள். "நான் அத நம்பல. யாராச்சும் நம்புவாங்களா. ஆனா நீங்க சொல்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

நோட்டை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"கழுத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. முடிக்குள்ள. போன மாசம் வந்தது. அத விட்டுட்டீங்க."

நோட்டை முன்பக்கமாகத் திருப்பி, கடைக்காரர் சொன்ன அளவுகளை வரிசையாக, அழகாக எழுதினாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை, பட்டினி கிடக்கவில்லை. எப்போதும்போல வந்தாள், பிசிறு வெட்டினாள். அப்பாவிடம் பேச வேண்டியதைப் பேசினாள். "மாஸ்டர், சாப்பாடு எடுத்து வெச்சாச்சு." "மாஸ்டர், நூல் வந்திருக்கு." அவ்வளவுதான். மாஸ்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தின்றுவிட்டு மேலே ஏறி வருவார்.

"திட்டினாக்கூடத் தாங்கிக்கலாம்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். "வேலைக்கு வந்த பொண்ணு மாதிரி மரியாதையா பேசறா. அவரு பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழறாரு."

"நாமளும் சேந்துதான பண்ணோம்க்கா."

"அதச் சொல்லாத" என்றாள். பிறகு, "சொல்லு, பரவால்ல" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் மாஸ்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு படத்துக்கும் எழுதினதைத் திறந்து, திட்டு என்கிற வரியை மட்டும் ஒவ்வொன்றாக அழித்தார். மறுபடி பழக்க விட்டார். கம்ப்யூட்டர் பின்னால் வருகிற சூட்டுக் காற்றில் ஈரமான கைப்பட்டிகளை நான் காய வைத்தேன். அன்று அவர் கத்தரியே எடுக்கவில்லை. மூன்று மணிக்குப் படங்கள் வந்தன.

"அக்காவக் கூப்பிடும்மா. நீயும் வா."

திரையில் எட்டு வாலு. எல்லார் முகத்திலும் திட்டு இருந்தது. ஆனால் ஒருத்திக்கு வலது கண்ணோரம், ஒருத்திக்கு இடது கண்ணோரம், ஒருத்திக்கு நெற்றியில். ஒருத்தியின் கையில் ஐந்து விரலும் வெள்ளை. மெஷினுக்குத் திட்டு உண்டு என்று தெரிந்திருந்தது, எங்கே என்று தெரியவில்லை.

"இதுல எது சரி?" என்றார் மாஸ்டர்.

நான் பார்த்தேன். வலதா, இடதா? ஏழு வயதிலிருந்து பார்க்கிற பிள்ளை. என் எதிரே உட்கார்ந்து சோறு தின்கிற பிள்ளை. எந்தக் கண்ணோரம் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பேசும்போது நான் எங்கே பார்ப்பேன் என்று அன்றுதான் யோசித்தேன். தலை வகிட்டைப் பார்ப்பேன், காதைப் பார்ப்பேன், கையிலிருக்கும் துணியைப் பார்ப்பேன். பத்து வருஷமாக நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வலது..." என்று இழுத்தாள் அக்கா. பெற்றவள். முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இடது" என்றார் மாஸ்டர். "முக்கால் இஞ்ச். நாந்தான் பாத்து எழுதினேன்ல. எழுதறதுக்காகத்தான் பாத்தேன். அதுக்கு முந்தி நானும் பாத்ததில்ல."

யாராலும் யாரையும் பார்க்க முடியவில்லை. அவர் எட்டுப் படத்தையும் அழித்தார். அதைப் பழக்கி வைத்திருந்த ஃபைலை அழித்தார், முன்னால் பழக்கினதையும் அழித்தார். இணையத்தில் எங்கள் கடைப் பக்கத்தில் இருந்த படங்களையும் எடுத்துவிட்டார். அட்டைகள் நானூறுக்கு மேல் இருந்தன. அவற்றை ஒரு சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே தள்ளினார். வாலு நின்ற அசல் போட்டோக்களை மட்டும் தொடவில்லை. "அது அவளோடது. அவதான் சொல்லணும்" என்றார்.

அன்று சாயங்காலம் வாலு வந்ததும் சொல்லிவிடுவார் என்று நினைத்தோம். சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. வாயைத் திறப்பார், அவள் "என்ன மாஸ்டர்?" என்பாள், மூடிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டு வெளிறிப்போன வெயில் அடித்தது. வாலுவுக்கு மதியத்துக்கு மேல்தான் வகுப்பு. மேலே உட்கார்ந்து, டவுனுக்குப் போக வேண்டிய கவுன்களுக்குச் சைஸ் எழுதின துணி வில்லை வைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் கைப்பேசி அடித்தது. கையெல்லாம் சாக்பீஸ் தூள் என்பதால் அவர் எப்போதும் மேஜையில் வைத்தே ஸ்பீக்கரில் பேசுவார். அன்றும் அப்படியே விரல் முட்டியால் அழுத்தினார்.

"மாஸ்டர், போர்டு அடிக்கக் குடுக்கறோம்" என்றது கடைக்காரரின் குரல். "கடை முகப்புல பதினஞ்சு அடி. அந்தப் பொண்ணு படம் பெருசா, தெளிவா ஒண்ணு அனுப்புங்க. இன்னிக்கே வேணும்."

மாஸ்டர் வாலுவைப் பார்த்தார். அவள் வில்லையை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படம் இல்லீங்க. அழிச்சுட்டேன்."

"என்ன மாஸ்டர், வெளையாடறீங்களா?"

"அன்னிக்கு உங்களுக்கு டீ குடுத்துச்சே ஒரு பொண்ணு. யூனிட்ல வேலை பாக்கறதுன்னு சொன்னேன். அது என் பொண்ணு. எங்களுக்கு ஒரே பொண்ணு." கைப்பேசிப் பக்கம் குனிந்தார். "படத்துல இருந்தது அவ மூஞ்சிதான். அவளுக்கு வெண்புள்ளி இருக்கு. அது படத்துல தெரியக் கூடாதுன்னு நான்தான் எடுத்துட்டேன். அப்புறம் நீங்க கேட்டப்ப அவள வெச்சுக்கிட்டே இல்லேன்னுட்டேன்."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ கூப்பிட்டார்கள்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு மாஸ்டர்" என்றார் கடைசியில் கடைக்காரர். "சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன். பாப்பா அங்க இருக்கா?"

"இருக்கா. கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

"சரி, சரி" என்று அவசரமாகச் சொன்னார். "துணி நல்லாருக்கு, அதுல மாத்தமில்ல. ஆனா போர்டுல போட வேற ஏதாச்சும் வேணும் எனக்கு. படம் இல்லாம எப்பிடி ஓடும்னு தெரியல. இப்பத்திக்குப் பாதி அனுப்புங்க. மீதி அப்புறம் பாத்துக்கலாம்."

"பாதி அனுப்பறேங்க."

பேச்சு முடிந்தது. ஓவர்லாக்கில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல்காரப் பெண்கள் ஏழு பேரும் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். யூனிட் முழுக்கக் கேட்டிருந்தது. மாஸ்டர் அதை ஒளித்துச் செய்ய நினைக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால்தானே அவர் அவளை இல்லையென்று சொன்னார்.

வாலு மடியிலிருந்த கவுனை உதறி மடித்தாள். அடுக்கின கட்டில் பாதியை எண்ணிப் பிரித்து என் மேஜையில் வைத்தாள். மீதியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அவள் மாஸ்டர் பக்கம் திரும்புகிறாளா என்று பார்த்தேன். இல்லை. முகத்தையும் பார்த்தேன். இடது கண்ணோரம் வெள்ளையாக, பிறை மாதிரி. என் பார்வை நிற்பதை அவள் கவனித்தாள். விலகாமல் நின்றாள். நான்தான் முதலில் குனிந்தேன்.

பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அம்மா, வரேன். சித்தி, வரேன்." மாஸ்டரைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நடை மட்டுப்பட்டது. அவர் நிமிர்ந்தார். அவள், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அக்கா மிதியில் காலை வைத்தாள். ஒவ்வொன்றாக மெஷின்கள் ஓட ஆரம்பித்தன.

"கேட்டிருப்பாளாம்மா?" என்றார் மாஸ்டர் என்னிடம், மெதுவாக.

"கேட்டா மாஸ்டர்."

"என்ன சொன்னா?"

அவர் காதிலும் விழுந்ததுதான். இருந்தும் சொன்னேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொன்னா."

"யார்கிட்ட? எங்கிட்டயா?"

எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவரிடம் நான் எத்தனையோ 'ஆமாம்' சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றை அப்போதும் எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

"தெரியல மாஸ்டர்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சாக்பீஸை எடுத்துத் துணி மேல் குனிந்தார். வெகுநேரம் கோடு எதுவும் போடவில்லை.